ஷேடு சரியாக ஓடாத கில்ட் பிளாக்: தப்பு எங்கே, சரிசெய்வது எப்படி

கில்ட் என்றால் எங்கள் தெருவில் யாருக்கும் புரியாது. ஒட்டுப்போர்வை என்றால் புரியும். பழைய வண்ணாரப்பேட்டையில் தையல் மிஷின் இருக்கிற வீட்டில் வெட்டுத்துணி மூட்டை ஒன்றும் இருக்கும். எங்கள் வீட்டு மூட்டை பரணுக்குப் போகாமல் போர்வையானதற்கு அண்ணிதான் காரணம். அவர் தைக்கிறார், நான் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்கிறேன். பகலில் ஃபிளெக்ஸ் பேனர் டிசைன் செய்கிற எனக்கு, ஒரு நிறத்தை இன்னொரு நிறத்துக்குள் மெல்ல ஓடவிடுவதெல்லாம் ஒரு வேலையா என்று முதலில் தோன்றியது. முதல் பிளாக்கை, அதாவது போர்வையின் ஒரு சதுரத்தை, தைத்து முடித்துப் பார்த்தபோது அந்த நினைப்பு போய்விட்டது.

கீழே இருப்பவை எல்லாம் நாங்கள் செய்த தப்புகள்தான். உங்கள் பிளாக்கில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். விளக்கம் முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்கிறேன்: காசிமேட்டில் விடியும்போது தெரிகிற வானம். மேலே இங்க் நீலம், கீழே கடலைத் தொடும் இடத்தில் வெளிர் மஞ்சள். 12 அங்குலச் சதுர பிளாக், அதில் 8 கிடைமட்டப் பட்டைகள், தைத்தபின் ஒவ்வொன்றும் ஒன்றரை அங்குலம். வெட்டும்போது நான்கு பக்கமும் தையலுக்குக் கால் அங்குலம் விட்டு 2க்கு 12½ அங்குலம். மென்பொருள் இங்க்ஸ்கேப், சில இடங்களில் கிம்ப். இரண்டும் இலவசம்.

நடுப்பட்டைகள் சாம்பல் பூத்துக் கிடக்கின்றன

அடிக்கடி வரும் தொல்லை இது. இரண்டு முனையிலும் நல்ல நிறம் இருக்கும். நடுவில் மட்டும் எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பலைத் தூவினதுபோல இருக்கும்.

காரணம் கணக்கில் இருக்கிறது. மென்பொருள் இரண்டு நிறங்களுக்கு நடுவே போகும்போது சிவப்பு, பச்சை, நீலம் மூன்று எண்களையும் (ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை) தனித்தனியாகச் சராசரி எடுக்கிறது. சுத்த நீலம் 0, 0, 255. சுத்த மஞ்சள் 255, 255, 0. இரண்டின் நடுப்புள்ளி 128, 128, 128, அதாவது வெறும் சாம்பல். எங்கள் வானத்தில் மேல் நிறம் 20, 35, 80. கீழ் நிறம் 255, 225, 150. நடுவில் கிடைத்தது 138, 130, 115. சேறு. எதிரெதிர் நிறங்களை நேர்கோட்டில் இணைத்தால் அந்தக் கோடு சாம்பல் வழியாகத்தான் போகும்.

நடுவில் நிறுத்தங்கள், அதாவது நாமே முடிவு செய்த நிறங்கள், வைத்தால் இது தீரும். இந்த இடத்தில் மென்பொருளை நம்பாமல் வானத்தைப் பார்ப்பது நல்லது. விடியற்காலையில் நீலம் நேராக மஞ்சளாவதில்லை. கத்திரிப்பூ நிறத்துக்கு வந்து, ரோஸும் ஆரஞ்சும் கலந்து, அப்புறம்தான் மஞ்சளாகிறது. எங்கள் நிறுத்தங்கள் இவை:

1-ஆம் பட்டை: 20, 35, 80
3-ஆம் பட்டை: 120, 60, 120
6-ஆம் பட்டை: 240, 140, 110
8-ஆம் பட்டை: 255, 225, 150

மீதிப் பட்டைகளை மட்டும் மென்பொருள் நிரப்பட்டும். பக்கத்துப் பக்கத்து நிறுத்தங்கள் நிற வட்டத்தில் கிட்டக்கிட்ட இருப்பதால் சராசரி எடுத்தாலும் சேறாகாது. அரக்கிலிருந்து கிளிப்பச்சைக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் நடுவில் மாம்பழ மஞ்சளை வைத்துப் பாருங்கள். வைக்காவிட்டால் காக்கிதான் வரும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. சாம்பல் வேண்டும் என்றே செய்தால் அது அழகுதான். மழைக்கு முந்தின கடல் அப்படித்தான் இருக்கும். தெரியாமல் வருகிற சாம்பலைத்தான் தப்பு என்கிறேன்.

ஒரு பட்டை மட்டும் துள்ளிக்கொண்டு நிற்கிறது

நிறங்களின் வரிசை சரியாக இருக்கும். ஆனால் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் ஒரு பட்டை மட்டும் விளக்குப் போட்டதுபோல் எரியும், அல்லது பள்ளம்போல் இருட்டாகத் தெரியும். என் அனுபவத்தில் பத்து பிளாக்கில் ஏழு இந்த நோயில்தான் விழுகிறது. நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் நீலமா பச்சையா என்று யோசிக்கிறோம். எவ்வளவு வெளிச்சமான நீலம் என்று யோசிப்பதில்லை. ஷேடு ஓடுகிறது என்று கண் ஒப்புக்கொள்வது பெரும்பாலும் வெளிச்சத்தை வைத்துத்தான்.

நிறம், அடர்த்தி, வெளிச்சம் என்று மூன்று கம்பிகள் இருக்கும் எச்எஸ்எல் பேனலில் வெளிச்சம் 50 என்று போட்டுவிட்டு எல்லா நிறமும் ஒரே வெளிச்சம் என்று நம்பிவிடக் கூடாது. அந்த 50 வெறும் கணக்கு. அதே 50-இல் மஞ்சளும் இருக்கிறது, நீலமும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை 0 முதல் 100 வரை அளக்கும் லேப் அளவில் பார்த்தால் சுத்த மஞ்சள் 97, பச்சை 88, சிவப்பு 53, நீலம் 32. இதைத் தெரியாமல் வாடாமல்லிக்கும் நீலத்துக்கும் நடுவே வெளிச்சம் மாறாமல் ஓடவிட்டதாக நினைத்து, அண்ணியிடம் நான் வாங்கிக்கட்டிக்கொண்டது தனிக்கதை.

முதலில் நோயை உறுதி செய்யுங்கள். இங்க்ஸ்கேப்பில் வியூ மெனுவில் கிரேஸ்கேல் காட்சி இருக்கிறது. அதைப் போட்டால் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும், நிறங்கள் அழியாது. பட்டைகள் ஒழுங்காக ஏறிப்போகின்றனவா, ஏதாவது ஒன்று முந்துகிறதா என்று ஒரே பார்வையில் பிடித்துவிடலாம்.

அப்புறம் எண்களைப் பாருங்கள். இங்க்ஸ்கேப் 1.0-இலிருந்து நிறம் தேர்வு செய்யும் பேனலில் எச்எஸ்எல்யுவி என்று ஒன்று சேர்ந்திருக்கிறது. அதில் இருக்கும் வெளிச்ச எண் கண் பார்க்கிறபடி அளந்தது. எங்கள் இங்க் நீலம் அதில் 15, வெளிர் மஞ்சள் 90. வித்தியாசம் 75. எட்டுப் பட்டைக்கு இடையே ஏழு இடைவெளி, ஆகவே ஒரு படிக்கு 10.7. வரவேண்டியவை 15, 26, 36, 47, 58, 69, 79, 90. மேலே சொன்ன கத்திரிப்பூ 35 காட்டும், ஆரஞ்சு 68 காட்டும். ஓர் எண் முன்பின் இருந்தால் துணியில் யாருக்கும் தெரியாது. ஐந்து தாண்டினால் தெரியும்.

எண் தப்பாக இருக்கிற பட்டையில் நிறத்தைத் தொடாதீர்கள். வெளிச்சக் கம்பியை மட்டும் இழுங்கள். முக்கால்வாசி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

கடைசிப் பட்டை வரவேண்டிய நிறத்துக்கு வரவில்லை

எட்டுப் பட்டை என்று 75-ஐ எட்டால் வகுத்திருப்பீர்கள். பட்டை எட்டு, இடைவெளி ஏழு. வேலிக்கம்பம் நடுகிறவருக்குத் தெரிந்த கணக்கு. இரண்டு பட்டைகளைக் கொடுத்தால் நடுவில் உள்ளவற்றைத் தானாக வரைந்து தரும் இங்க்ஸ்கேப்பின் இன்டர்போலேட் கட்டளையில் இது வேறு மாதிரி மாட்டிக்கொள்ளும். அங்கே கேட்கும் எண் நடுவில் வரவேண்டிய பட்டைகளின் எண்ணிக்கை. 3-ஆம் பட்டைக்கும் 6-ஆம் பட்டைக்கும் இடையே 2 போட வேண்டும். 1-க்கும் 3-க்கும் இடையே 1.

இன்டர்போலேட் அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை, அல்லது எல்லாம் ஒரே நிறத்தில் வருகிறது

ஒன்றும் நடக்கவில்லை என்றால், நீங்கள் வரைந்தது இன்னும் செவ்வகமாகவே இருக்கிறது. பாத் மெனுவில் ஆப்ஜெக்ட் டு பாத் கொடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள். இரண்டும் குரூப்புக்குள் கட்டிக்கிடந்தாலும் இதே கதைதான், முதலில் பிரித்துவிடுங்கள். பட்டைகள் வந்து நிறம் மட்டும் மாறவில்லை என்றால் அந்தப் பெட்டியில் ஸ்டைலையும் சேர்த்து இன்டர்போலேட் செய் என்ற குறியைப் போட மறந்திருப்பீர்கள்.

டைல்டு குளோன், அதாவது ஒரே வடிவத்தை நகல் நகலாக அடுக்கும் வசதி, வைத்து நிறம் மாற்றப் பார்ப்பவர்களுக்கு இன்னொரு மாட்டல் உண்டு. மூல வடிவத்தின் நிறம் அன்செட் ஆக இருந்தால்தான் குளோன்கள் தங்கள் நிறத்தை எடுத்துக்கொள்ளும். நிரப்பு என்ற இடத்தில் கேள்விக்குறிப் பொத்தான் இருக்கும், அதை அழுத்துங்கள். நிறமே வேண்டாம் என்கிற பெருக்கல் குறி வேறு. நான் ஒரு ராத்திரி முழுக்க அந்தப் பெருக்கல் குறியையே அழுத்திக்கொண்டிருந்தேன்.

கேட்காமலே வானவில் வந்துவிட்டது

சிவப்பிலிருந்து நீலத்துக்குப் போகச் சொன்னால் நடுவில் மஞ்சளும் பச்சையும் வந்து நிற்கும். ஒரு நிறம் இன்னொன்றுக்குள் மெல்ல ஓடுவதுதான் கிரேடியன்ட். கிம்ப்பின் கிரேடியன்ட் எடிட்டரில் நிறம் மாறும் விதம் எச்எஸ்வி, அதாவது நிற வட்டத்தைச் சுற்றிப் போகும் வழி, என்று இருந்தால் இப்படி ஆகலாம். நிற வட்டத்தில் சிவப்பு 0 பாகை, நீலம் 240. வாடாமல்லி வழியாகப் போனால் 120 பாகைதான், பச்சை வழியாகப் போனால் 240. வலஞ்சுழி, இடஞ்சுழி என்று இரண்டு தேர்வு இருக்கிறது, மற்றதை மாற்றுங்கள்.

பட்டைகளுக்கு நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு

திரையில் பட்டைக்கும் பட்டைக்கும் இடையே மயிரிழை மாதிரி வெள்ளைக் கோடு தெரியும். பெரிதாக்கினால் மறையும், சிறிதாக்கினால் வரும். தப்பு உங்களுடையது அல்ல. ஓரங்களை வழவழப்பாக்க மென்பொருள் இரண்டு பட்டைகளின் விளிம்பையும் பின்னணியோடு கலக்கிறது, அந்த இடுக்கில் பின்னணி எட்டிப்பார்க்கிறது. பிளாக்குக்குக் கீழே நடுத்தர நிறத்தில் ஒரு முழுச் சதுரம் போட்டுவிடுங்கள். தைக்கப்போகிறவருக்கு மட்டும் காட்டுவதாக இருந்தால் அதுவும் தேவையில்லை. வாடிக்கையாளருக்குப் படம் அனுப்புவதென்றால் போடுங்கள், இல்லையென்றால் "அந்த வெள்ளை பைப்பிங் அழகா இருக்கு, அதுவும் வெச்சிடுங்க" என்று பதில் வரும். எங்களுக்கு வந்தது.

பிளாக்கைத் திருப்பினால் ஷேடு திரும்பவில்லை

தனித்தனிப் பட்டைகளாக வரையாமல் ஒரே சதுரத்தில் கிரேடியன்ட் ஊற்றியிருப்பவர்களுக்கு வரும் பிரச்சினை. தேர்வுக் கருவியை எடுத்தால் மேலே வரும் பொத்தான்களில், வடிவத்தோடு கிரேடியன்டும் நகர வேண்டும் என்பதற்கு ஒன்று இருக்கும். அது அணைந்திருக்கிறது, ஏற்றிவிடுங்கள். ஒரு பிளாக்கில் நிறம் மாற்றினால் பதினாறிலும் மாறுகிறது என்றால், ப்ரிஃபரன்சஸில் கிரேடியன்ட் வரையறைகளைப் பகிர்வதைத் தடுக்கும் குறி எடுக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

உண்மையில் ஊற்றின கிரேடியன்ட் கில்ட்டுக்கு ஆகாது. திரையில் நூறு நிறம் வழுக்கிக்கொண்டு போகும். கையில் இருப்பது எட்டுத் துணி. அந்த வழுக்கலைப் பார்த்து மயங்கி வரைந்தால், தைத்தபின் படிக்கட்டைப் பார்த்து ஏமாறுவோம். முதலிலிருந்தே பட்டைகளாக வரையுங்கள்.

திரையில் ஒரு நிறம், எம்.சி. ரோட்டுத் துணிக்கடையில் வேறு நிறம்

இதற்குச் சற்று நேரம் ஒதுக்குங்கள். காரணம் ஒன்றல்ல.

முதல் சந்தேகம் லேப்டாப்பின் மேல். ராத்திரியில் தானாகத் திரையை மஞ்சளாக்கும் நைட் லைட் வசதி ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கு உட்கார்ந்து தேர்ந்தெடுத்த நீலம் எல்லாம் காலையில் ஊதா கலந்து தெரிந்தால் இதுதான். போனில் கண் பாதுகாப்பு என்று வேறு பெயரில் இருக்கும். நிற வேலை செய்யும்போது இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

இரண்டாவது, போன் கேமரா. கடையில் தனித்தனியாக எட்டுத் துணியைப் படம் எடுத்தால் எட்டு விதமாக வரும். ஒவ்வொரு தடவையும் கேமரா தன் இஷ்டத்துக்கு வெள்ளையைத் தீர்மானிக்கிறது. மஞ்சள் துணி சட்டம் முழுக்க நிறைந்தால் அது மஞ்சளைக் குறைத்துவிடும். எட்டுத் துண்டையும் வரிசையாக அடுக்கி, பக்கத்தில் ஒரு வெள்ளை ஏ4 தாளை வைத்து, வெயில் நேராக விழாத ஜன்னலோரத்தில் ஒரே படமாக எடுங்கள். தாள் வெள்ளையாகத் தெரியும் வரை படத்தைச் சரிசெய்துவிட்டு அப்புறம் நிறத்தை உறிஞ்சுங்கள். உறிஞ்சும்போது ஒரு புள்ளியில் தொட வேண்டாம். நூலிழை நிழல் மாட்டிக்கொள்ளும். இங்க்ஸ்கேப்பின் டிராப்பரை அழுத்திப் பிடித்து இழுத்தால் ஒரு வட்டம் விரியும், அதற்குள் இருப்பதன் சராசரியைக் கொடுக்கும்.

மூன்றாவது, விளக்கு. கடைக்குள் இருக்கும் விளக்கில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு துணி வெளியே வந்தால் வேறு வேறாகத் தெரியும். சாயம் வேறாக இருந்தால் ஒரு விளக்கில் பொருந்துவது இன்னொன்றில் பொருந்தாது. புடவைக்கு பிளவுஸ் மேட்ச் பார்க்கும்போது நம் வீட்டுப் பெண்கள் துணியை வாசலுக்கு எடுத்து வந்து பார்ப்பார்கள் இல்லையா, அதேதான். கடைக்காரர் முகம் சுளித்தாலும் வாசலுக்குப் போங்கள்.

"அக்கா, உள்ளயே பாருங்க, ட்யூப்லைட் போட்டிருக்கேன்" என்றார் ஒருவர். அண்ணி துணியை எடுத்துக்கொண்டு நடந்தபடியே, "போர்வைய உங்க கடைக்குள்ளயா தம்பி விரிக்கப் போறேன்?" என்றார்.

நான்காவது, மயில் கழுத்து மாதிரி இரட்டை நிறத் துணி. பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம். ஒரு பக்கம் பார்த்தால் பச்சை, திருப்பினால் நீலம். இதை ஷேடு வரிசையில் வைத்தால் பார்க்கும் கோணத்தைப் பொறுத்து வரிசை மாறும். வைத்தே ஆக வேண்டுமென்றால் எல்லாத் துண்டையும் ஒரே பக்கம் பார்த்து வெட்டுங்கள், நீளவாக்கில் பாதி அகலவாக்கில் பாதி என்று மிச்சம் பிடிக்காதீர்கள்.

இத்தனையும் பார்த்தபின் நாங்கள் வந்த முடிவு, வரிசையையே தலைகீழாக மாற்றுவது. திரையில் நிறம் முடிவு செய்து துணி தேடினால் கிடைக்காது. பிளவுஸுக்கு மேட்சிங் துணி விற்கும் கடையில் டூ பை டூ துணியும் லைனிங் துணியும் ஷேடு ஷேடாக அடுக்கி வைத்திருப்பார்கள். ஒரே நீலத்தில் பத்துப் படி அங்கே கிடைக்கும். முதலில் அங்கிருந்து துண்டுகள், அப்புறம் படம், அப்புறம் எச்எஸ்எல்யுவி எண். எண்ணை வைத்து வரிசைப்படுத்தி, வேண்டிய எட்டைப் பொறுக்குங்கள். 47 வர வேண்டிய இடத்தில் கடையில் துணியே இல்லை என்றால், பக்கத்தில் இருக்கும் 40-ஐ வைத்துச் சமாளிக்க வேண்டாம். ஏழு பட்டையாகக் குறைத்துப் படியை 12.5 ஆக்கி மறுபடி பொறுக்குவது மேல். படி பெரிதானாலும் சீராக இருந்தால் கண் மன்னிக்கும்.

வாங்கும்போது மொத்தமாக ஒரே நாளில் வாங்குங்கள். ஷேடு எண் ஒன்றாக இருந்தாலும் சாயம் போட்ட லாட் மாறினால் நிறம் சற்று மாறும். 16 பிளாக் போர்வைக்கு ஒவ்வொரு நிறத்திலும் 16 பட்டை வேண்டும். 36 அங்குல அகலத் துணியில் ஒரு வரிசைக்கு இரண்டு பட்டை, ஆக எட்டு வரிசை, 16 அங்குலம். 44 அங்குலமாக இருந்தால் வரிசைக்கு மூன்று, ஆறு வரிசை, 12 அங்குலம் போதும். சுருக்கத்துக்கும் கை தவறலுக்கும் சேர்த்து அரை மீட்டர் வாங்கினால் கவலை இல்லை.

கட்டம் போட்ட துணி கணக்கில் இருட்டு, கண்ணில் வெளிச்சம்

வடசென்னை வெட்டுத்துணி மூட்டையில் கைலித் துண்டு இல்லாமல் இருக்காது. இரண்டு ஷேடுக்கு நடுவே பாலம் போட கட்டம் போட்ட துணியைப் போல ஒன்று கிடையாது. நீலமும் வெள்ளையும் கலந்த பொடிக்கட்டம் தள்ளி நின்று பார்த்தால் வெளிர் நீலமாகவே தெரியும். ஆனால் அதன் நிறம் என்ன என்று மென்பொருளைக் கேட்டால் தப்பாகச் சொல்லலாம். பாதி கறுப்பு, பாதி வெள்ளை என்று ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எண்களைச் சராசரி எடுத்தால் 128. கண் சேர்ப்பது எண்களை அல்ல, ஒளியை. பாதி ஒளிக்குத் திரையில் சமமான எண் 188. அவ்வளவு வித்தியாசம். அதனால் கட்டத் துணியைப் பக்கத்தில் வைத்து எடுத்த படத்தை மங்கலாக்கிச் சராசரி எடுக்காதீர்கள். துணியைக் கொடியில் போட்டுவிட்டுப் பத்தடி தள்ளி நின்று எடுங்கள். லென்ஸே கலந்து கொடுத்துவிடும்.

ஒரு பிளாக் அழகு, பதினாறு சேர்ந்தால் படிக்கட்டு

ஒவ்வொரு பிளாக்கும் மேலே இருட்டு, கீழே வெளிச்சம். அவற்றை அப்படியே அடுக்கினால் ஒன்றின் 90 அடுத்ததன் 15-ஐ இடிக்கும். நாலு வரிசை, மூன்று வெட்டு. சில டிசைனுக்கு அந்த வெட்டு நன்றாகவே இருக்கும், ஷட்டர் இறக்கின கடைவீதிபோல. வேண்டாமென்றால் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையைத் தலைகீழாக்குங்கள். தேர்வு செய்து வி விசையை அழுத்தினால் மேல் கீழாக மாறும், எச் விசை இடம் வலமாக மாற்றும். அப்போது 90-ஐ 90 சந்திக்கும். இரண்டும் ஒரே துணி என்பதால் அந்த இடத்தில் மூன்று அங்குலத் தடிப்பட்டை ஒன்று உருவாகும் என்பதையும் கவனியுங்கள். அது உறுத்தினால் தலைகீழ் வரிசையில் முனைப் பட்டைகளைப் பாதி அகலமாக்க வேண்டாம், தையல் கணக்கு கெட்டுவிடும். அந்த வரிசைக்கு மட்டும் முனைத் துணிக்குப் பதில் அதே வெளிச்சத்தில் ஒரு பொடிப்பூப் போட்ட துணியை வையுங்கள்.

அளவு எங்கேயோ குறைகிறது

12 அங்குலம் 11¼ ஆகிவிட்டதென்றால் அது பழைய இங்க்ஸ்கேப் ஃபைல். 0.92 பதிப்புக்கு முன் ஓர் அங்குலத்துக்கு 90 பிக்சல், அதன்பின் 96. பழைய ஃபைலைத் திறக்கும்போது மாற்றட்டுமா என்று ஒரு பெட்டி கேட்கும். படிக்காமல் மூடினால் மாட்டினீர்கள்.

எட்டே கால் அங்குலத்துக்கு வந்துவிட்டதென்றால் பிரின்ட் கடையில் தாளுக்குப் பொருந்துமாறு சுருக்கிவிட்டார்கள். ஏ4 தாளின் அகலமே அவ்வளவுதான். ஃபைலின் மூலையில் ஓர் அங்குலச் சதுரம் ஒன்று வரைந்து வைத்துவிடுங்கள், தாளை வாங்கும்போதே இஞ்ச் டேப்பை வைத்து அளந்து பார்க்கலாம். அளவு நூறு சதவீதம் என்று வாயால் சொல்வதோடு ஃபைல் பெயரிலும் எழுதி அனுப்புவது என் பழக்கம். நிறத்துக்காக பிரின்ட் எடுக்க வேண்டாம். திரையில் எரிகிற ஆரஞ்சு தாளில் செங்கல் நிறமாக இறங்கும். நான் ஃபிளெக்ஸில் தினமும் பார்க்கிறேன்.

தைத்தபின் வெளிர் பட்டையின் ஓரத்தில் நிழல்

திரையில் இல்லாத கறுப்புக்கோடு துணியில் வந்தால், உள்ளே மடிந்திருக்கும் தையல் விடுப்பு வெளிர் துணிக்கு அடியில் போயிருக்கிறது. டூ பை டூ மெல்லிசு, காட்டிக்கொடுத்துவிடும். இஸ்திரி போடும்போது விடுப்பை இருட்டுத் துணியின் பக்கம் படியவையுங்கள். ஷேடு வரிசையில் இது சுலபம், எல்லாமே ஒரே திசையில் சாயும்.

நிழல் துவைத்தபின் வந்ததென்றால் அது சாயம். ஒரு காலத்தில் சாயம் இறங்குவதையே பெருமையாகச் சொல்லி மெட்ராஸ் கட்டத் துணியை அமெரிக்காவில் விற்றார்கள், துவைக்கத் துவைக்க நிறம் ஒன்றோடொன்று கலந்து புது அழகு வரும் என்று. ஷேடு போர்வையில் அந்தப் பெருமை வேண்டாம். வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு துணியிலும் ஒரு மூலையை நனைத்து, வெள்ளைத் துணியோடு சேர்த்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் கறை ஏறினால், தண்ணீர் தெளியும் வரை துவைத்துவிட்டு அப்புறம் வெட்டுங்கள். சிவப்பும் இங்க் நீலமும் முதலில்.

எல்லா எண்ணும் சரி, ஆனாலும் நிறம் மாறித் தெரிகிறது

பட்டையின் நடுவே ஒரே நிறம்தான். ஆனால் இருட்டுப் பட்டையை ஒட்டின ஓரம் வெளுப்பாகவும், வெளிர் பட்டையை ஒட்டின ஓரம் கறுப்பாகவும் தெரியும், தூண் தூணாக வளைந்திருப்பதுபோல. இரண்டு பட்டையையும் ஒரு தாளால் மறைத்துவிட்டு நடுப்பட்டையை மட்டும் பாருங்கள். வளைவு போய்விட்டால் அது கண் செய்கிற வேலை, சரிசெய்ய எதுவும் இல்லை.

பாரிஸில் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த வேதியியலாளர் செவ்ரல், கறுப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது என்ற புகாரை ஆராயப் போய், சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நெய்த நிறங்கள்தான் அதை அப்படிக் காட்டுகின்றன என்று கண்டார். அதை அவர் விரிவாக எழுதி வெளியிட்ட ஆண்டு 1839. எங்கள் கத்திரிப்பூப் பட்டையைப் பற்றியும் அண்ணி இதே புகாரைத்தான் சொன்னார்.

"தம்பி, கடையில வாங்கும்போது நல்லா கத்திரிப்பூவா இருந்துச்சு. இப்ப மண்ணு மாதிரி இருக்கு."

"அதே துணிதான் அண்ணி."

"அதான் தெரியுதே. ஏன் அப்படி இருக்குன்னு கேக்கறேன்."

பார்டருக்கு அவர் வைத்திருந்தது பளிச்சென்ற வாடாமல்லி. அதன் பக்கத்தில் எந்தக் கத்திரிப்பூவும் மண்ணாகத்தான் தெரியும். திரையில் நான் பார்டர் இல்லாமல், வெள்ளைப் பின்னணியில் வைத்து நிறம் பார்த்திருந்தேன். பார்டரைப் பிரித்து இங்க் நீலத்தில் போட்டதும் கத்திரிப்பூ திரும்பி வந்தது. இப்போதெல்லாம் ஃபைலைத் திறந்ததும் பிளாக்கைச் சுற்றி பார்டர் நிறத்தில் ஒரு பட்டையை முதலில் வரைந்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன். பார்டர் துணியை மட்டும் கடைசியில் வாங்குகிறோம், தைத்த பிளாக் ஒன்றைக் கையோடு கடைவாசலுக்கு எடுத்துப் போய்.